ஒரு பக்கம் மட்டும் பிடித்த ஜாக்கெட்

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. ஜாக்கெட் மட்டும்தான் தைப்பேன். சுடிதார் என்று வந்தால் எதிர்க் கடையைக் காட்டிவிடுவேன். இருபது வருடத்துக்கும் மேலாக இந்த ஊர்ப் பெண்களின் மார்பளவு என் டேப்பில்தான் இருக்கிறது. யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள், யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுக்காரருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்குத் தன் உடம்பில் நடந்தது தெரியாமலா போகும்? தெரிந்தது. அதற்கு நான் செய்த வைத்தியம்தான் கோளாறு.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம், தீபாவளித் துணி வந்து குவிய ஆரம்பித்த சமயம். ஒரு நாள் காலையில் ஜாக்கெட் போடும்போது இடது பக்கம் மட்டும் பிடித்தது. துவைத்ததில் துணி சுருங்கியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாள் வேறு ஜாக்கெட். அதுவும் இடது பக்கம் பிடித்தது. நாங்கள் ஜாக்கெட் தைக்கும்போது இரண்டு பக்கமும் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். நானும் பிரித்தேன். இடது பக்கம் மட்டும் ஒரு தையல் பிரித்து, வெளியே தள்ளி ஒரு தையல் போட்டேன். சரியாக இருந்தது. ஒரு வாரத்தில் மறுபடியும் பிடித்தது. மறுபடியும் பிரித்தேன். இப்படியே பீரோவில் இருந்த அத்தனை ஜாக்கெட்டையும் பிரித்துத் தைத்துக்கொண்டு நிம்மதியாகத் தீபாவளி வேலையைப் பார்த்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, என் மேலேயே கோபமும் வருகிறது.

கட்டி எதுவும் இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. மார்பில் புற்றுநோய் என்றால் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி இருக்கும், தடவினால் கையில் படும் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். தடவிப் பார்த்தேன், ஒன்றும் படவில்லை. ஆனால் மார்பு கனத்தது. தொட்டால் சுட்டது. தோல் சிவந்துகொண்டே வந்தது. இரவில் அரித்தது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனேன். கிருமி ஏதாவது இருக்கும் என்று ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார். "வத்தலைன்னா கண்டிப்பா திரும்பி வரணும். வேற டெஸ்ட் எடுக்கணும்" என்றும் சொல்லித்தான் அனுப்பினார். மாத்திரை முடிந்தது, சிவப்பு போகவில்லை. நானும் திரும்பிப் போகவில்லை. கடையில் துணி மலையாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்துத் திட்டக்குடியிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு அதைவிட ஜாஸ்தி. கதவைச் சாத்திவிட்டு அவரிடம் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"இது அக்கிடி. இதுக்குப் போயி மாத்திரைய முழுங்குவாங்களா? எழுதுனா மூணு நாள்ல எறங்கிடும்" என்றார்.

தோலில் சிவந்து கொப்புளித்து எரிந்தால் அதை அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்கிறவர் வீட்டில் எழுதிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். காவி மண்ணைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, சிவந்த இடத்தைச் சுற்றி எழுதுவார்கள். குளிர்ச்சியாக இருக்கும். அண்ணி என்னை அழைத்துப் போனார். அந்த வீட்டு அம்மா நல்ல மனுஷி. உள் அறையில் உட்காரவைத்து, கூச்சப்படாதே என்று சொல்லிச் சொல்லி எழுதினார். நான் எண்ணெயை விட்டேன், கறி மீனை விட்டேன், தீபாவளிப் பலகாரத்தைக்கூட வாயில் வைக்கவில்லை. காவியின் சிவப்பில் என் சிவப்பு தெரியாமல் போய்விட்டது. கண்ணாடியில் பார்த்தால் குணமாகிக்கொண்டு வருவது மாதிரியே இருந்தது. காய்ந்து உதிர உதிர மறுபடியும் போய் எழுதிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கிற நேரத்தில் பாதி தூங்குவார், மீதி நேரம் பேப்பர் படிப்பார். அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை. அக்கி என்று மட்டும் தெரியும். தீபாவளி கழிந்து ஒரு நாள் மழை வந்தது. நான் கடையில் இருந்தேன். மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை அவர் எடுத்து வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மடித்தும் வைத்திருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழையும்போது என் ஜாக்கெட்டுகளை வரிசையாகக் கட்டிலில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கஸ்தூரி, எல்லா ஜாக்கெட்லயும் எடப்பக்கம் மட்டும் என்னாத்துக்குப் பிரிச்சி வச்சிருக்க?"

"உடம்பு போட்டிருக்குங்க. வேற என்னா?"

"உடம்பு போட்டா ஒரு பக்கமா போடும்?"

இருபது வருடமாக ஜாக்கெட் தைக்கிற எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷர் கேட்டார். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"நாளைக்கு எனக்கு லீவு. செதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார்.

"அக்கிக்குப் போயி எதுக்குங்க வீண் அலைச்சல்?"

"வீணா போனா போவட்டும். அலைஞ்சது நம்ம காலுதானே."

சிதம்பரம் பஸ் அவருடைய கம்பெனியைத் தாண்டித்தான் போகும். தினமும் அந்த வாசலில் இறங்குகிறவர் அன்றைக்கு இறங்காமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பரிசோதனை அறையில் ஒரு நர்ஸ் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் என் மார்பில் இருந்த காவியைத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. இன்னொரு பஞ்சு எடுத்தாள், அதுவும் சிவந்தது. கடைசியில் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது, என் தோல் மட்டும் சிவப்பாக இருந்தது. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். அக்குளில் தடவினார். பிறகு ஒரு கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி என்னிடமே காட்டினார்.

"தோல் எப்படி இருக்கு பாருங்க. சாத்துக்குடித் தோல் மாதிரி குழி குழியா இருக்கா? காம்பு உள்ள இழுத்திருக்கா? எத்தனை நாளா இப்படி?"

சொன்னேன். ஜாக்கெட்டைப் பிரித்ததையும் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க பிரிச்ச தையலை வச்சே நான் கணக்கு போட்டுக்கலாம். இது வேகமா வளருது" என்றார்.

மார்பை அழுத்திப் படம் எடுத்தார்கள். தோலில் மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு தோலை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உள்ளேயிருந்தும் ஊசி வழியாகச் சதை எடுத்தார்கள். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். முடிவு வருவதற்குள் நான் பாதி செத்துவிட்டேன். வந்த பிறகு மீதி. அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்று சொன்னார் டாக்டரம்மா. அபூர்வமானதுதான், ஆனால் வந்தால் ஓட்டமாக ஓடுகிற ஜாதி. அதை அவர் எங்களுக்கு விளக்கிய விதம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"தோலுக்கு அடியில நூல் மாதிரி சின்னச் சின்ன வாய்க்கால் இருக்கும்மா. அதுல ஒரு நீர் ஓடும். கேன்சர் செல் போய் அந்த வாய்க்காலை அடைச்சிடுது. நீர் போக வழியில்லாம தோல் ஊறி வீங்குது, சிவக்குது, சுடுது. அதனாலதான் பாக்கறவங்களுக்குச் சீழ் மாதிரியும் அக்கி மாதிரியும் தெரியுது. கட்டி இருக்கணும்னு இல்ல. சில சமயம் படத்துலகூடச் சரியாத் தெரியாது. மாத்திரை போட்டும் சிவப்பு அடங்கலைன்னா தோலை எடுத்துப் பாக்கணும். அது ஒண்ணுதான் வழி."

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஆபரேஷன் என்னைக்கு வச்சிக்கலாம்?"

"இப்ப இல்ல. மொதல்ல மருந்து. தோல் முழுக்கப் பரவியிருக்கு. அதைச் சுருக்கினாத்தான் கத்தி வைக்க முடியும்."

இது அண்ணிக்குப் பிடிக்கவில்லை. உடனே வெட்டி எறிய வேண்டியதுதானே, எதற்கு இழுத்தடிக்கிறார்கள் என்று போனில் கத்தினார். எனக்கு என்னவோ அது சட்டென்று விளங்கியது. லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துச் சுருங்கவிட்ட பிறகுதான் வெட்டுவேன். நனைக்காமல் வெட்டித் தைத்தால் முதல் துவையலில் மொத்தமும் கோணிக்கொள்ளும். அண்ணியிடம் இதைச் சொன்னதும் அவர் குரல் இறங்கியது. அழுகை வந்துவிட்டது அவருக்கு. "அக்கின்னு சொன்ன என் வாயில புழு விழ" என்றார். எனக்கு அவர் மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த ஒவ்வொரு முறையும் திட்டக்குடியிலிருந்து பஸ் மாறி வந்து, நான் வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவினார். அந்தப் பெண்ணிடம் யாரால் கோபமாக இருக்க முடியும்?

மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து. முதல் மருந்து ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருக்கும். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், பயப்படக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் நான் பாத்ரூமிலேயே விழுந்திருப்பேன். இரண்டாம் முறை போவதற்குள் முடி கொத்துக் கொத்தாக வந்தது. காலேஜில் படித்துக்கொண்டிருந்த என் மகள் ரேவதி, என் வெட்டுக் கத்தரிக்கோலை எடுத்துவந்து மீதியையும் ஒட்ட வெட்டினாள். துணி வெட்டுகிற கத்தரியால் முடி வெட்டினால் முனை மழுங்கிவிடும் என்று அந்த நேரத்திலும் அவளைத் திட்டினேன். அவள் சிரித்துவிட்டாள், நானும் சிரித்துவிட்டேன். வாய்க்குள் புண். இட்லியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். என் வளையல்கள் பேங்குக்குப் போயின, அவற்றில் பாதிதான் திரும்பி வந்தன. அதற்காக நான் ஒரு நாளும் அழவில்லை.

ஆனால் கடைக்காக அழுதேன். வாங்கிப் போட்ட துணி கிடக்கிறது, கல்யாண ஜாக்கெட் வேறு. மருந்து ஏற்றாத நல்ல நாட்களில் மெஷினில் உட்கார்ந்து தைத்துவிடுவேன். ஆனால் ஹூக் வைக்க முடியவில்லை. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஊசி நழுவியது. என் வீட்டுக்காரர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து, "எப்படி வைக்கணும், காட்டு" என்றார்.

ஸ்பேனர் பிடித்துக் காய்ப்பேறிய கை. முதல் ஜாக்கெட்டில் ஹூக்கைத் தலைகீழாக வைத்தார். இரண்டாவதில் தன் விரலையும் சேர்த்துத் தைத்தார். ஒரு மாதத்தில் தேறிவிட்டார். சிதம்பரத்துக்கு வரும்போது மஞ்சள் பையில் ஜாக்கெட்டுகளைப் போட்டு எடுத்துவருவார். கீமோ வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பார். வருகிறவர் போகிறவர் எல்லாம் நின்று பார்ப்பார்கள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர், "என்னா மாப்ள, பொம்பள வேல பாக்குற?" என்று கேட்டதற்கு, "பொம்பள உள்ள என் வேலையும் சேத்துப் பாத்துகினு இருக்கா, பெரியவரே. அந்த வலியெல்லாம் நானா படுறேன்?" என்றாராம். கதவோரப் படுக்கையில் இருந்த பெண் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அதுதான், அதையும் அடுத்தவரிடம் சொன்னார்.

மருந்து ஏற்றப் போனால் ஓரிரு நாள் வார்டிலேயே தங்க வேண்டும். அந்த இரவுகள்தான் சிரமம். வார்டில் விளக்கை முழுதாக அணைக்க மாட்டார்கள். யாராவது இருமுவார்கள், யாராவது சாமி பேரைச் சொல்லுவார்கள். நான் மனசுக்குள் கடையைத் திறந்து, யார் யார் துணி பாக்கி என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருப்பேன். ரேவதியின் கல்யாண ஜாக்கெட்டை நான்தான் தைக்க வேண்டும். அதை வேறொருத்தி தைத்து, கையைப் பிடிக்கிற மாதிரி வெட்டிவிட்டால் என்ன செய்வது? சாவைவிட அது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பயத்தைச் சின்னதாக வெட்டிக்கொண்டால்தான் தூக்கம் வந்தது.

மருந்து வேலை செய்தது. வீக்கம் வடிந்தது, சிவப்பு மங்கியது. பிரித்துவிட்ட ஜாக்கெட் இடது பக்கம் தொளதொளத்தபோது நான் குளியலறையில் நின்று சத்தமில்லாமல் அழுதேன். சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகு ஆபரேஷன். இடது மார்பையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பாண்டிச்சேரிக்குப் போய் வந்து கதிர்வீச்சு. இப்போதும் தினம் ஒரு மாத்திரை உண்டு. இடது கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. கை வீங்கிவிடும். மெஷின் மட்டும் மிதிக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். நான் வேறென்ன கேட்டேன்?

தையல் போட்ட இடத்தை முதலில் பார்த்தபோது மனசு உடைந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் மார்பளவு எடுக்கிற தொழிலில் இருந்துகொண்டு ஒரு பக்கம் காலியாக நிற்க முடியுமா? மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்து, பஞ்சும் கேழ்வரகும் நிரப்பி, வலது பக்கத்துக் கனத்துக்குச் சரியாக வருகிற வரைக்கும் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். உள்ளே வைத்துக்கொண்டு செக்கப்புக்குப் போனேன். டாக்டரம்மா எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார். அதற்குப் பிறகு வார்டில் யாருக்காவது வேண்டுமென்றால் எனக்குச் சொல்லி அனுப்புகிறார்.

போன மார்கழிப் புயலில் கடையின் தகரம் பறந்துபோய், மாசியில்தான் மறுபடி திறந்தேன். திறந்த சில நாளில் செம்மங்குப்பத்திலிருந்து பரிமளா வந்தாள். என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற பையனின் மனைவி. இடுப்பில் கைக்குழந்தை. பையிலிருந்து ஒரு பச்சை ஜாக்கெட்டை எடுத்து மெஷின் மேல் போட்டாள்.

"அக்கா, இத கொஞ்சம் பிரிச்சி விடுங்க. நாளைக்கு ஒரு வளைகாப்பு இருக்கு."

"ரெண்டு பக்கமுமா?"

"இல்லக்கா, வலப்பக்கம் மட்டும்தான் புடிக்குது."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அவளை உள்ளே கூப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். சிவந்திருந்தது. தொட்டால் சுட்டது. மாமியார் சொன்னாரென்று மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தாள்.

"பால் கட்டியிருக்கும்னு அத்தை சொன்னாங்கக்கா."

"பால் கட்டியிருக்கலாம். முக்காவாசி அப்படித்தான் இருக்கும். ஆனா அத நீயும் நானும் உங்க அத்தையும் சொல்லக் கூடாது. காலையில செதம்பரம் போறோம்."

"வளைகாப்புக்கா..."

"புள்ளத்தாச்சிக்கு வளையல் போட ஊர்ல வேற கை இல்லையா?"

டாக்டரம்மா பார்த்துவிட்டுப் பால் கட்டிக் கிருமி பிடித்திருக்கிறது என்றுதான் சொன்னார். மாத்திரை கொடுத்து, குழந்தைக்குப் பாலை நிறுத்தாதே என்று சொல்லி, ஒரு வாரத்தில் கண்டிப்பாக வரவேண்டும், அடங்கவில்லையென்றால் தோலை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பரிமளா நன்றாகச் சாப்பிட்டிருக்கிறாள். மறுபடியும் போனோம். சிவப்பு போய்விட்டது, சூடு போய்விட்டது, தோல் தோலாக இருந்தது. ஒன்றுமில்லை, போய் வாருங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நல்ல சேதி சொன்ன அன்றுகூட அப்படிப் பிடிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரிமளா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தலை குனிந்திருந்தாள். "ஒங்களுக்கு ரெண்டு தடவை வீண் அலைச்சல் வச்சிட்டேன்க்கா" என்றாள்.

"வீணாப் போவணும்னுதான்டி போனோம்" என்றேன்.

கடையில் அவளுடைய பச்சை ஜாக்கெட் அன்றைக்கு நான் மாட்டிவைத்த ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்து, உள்ளே போய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"அக்கா, அளவெடுத்தாப்ல இருக்கு. எவ்ளோ தரணும்?"

"நான் ஒண்ணும் பிரிக்கலியே. எதுக்குக் காசு?"

அவள் அந்த ஜாக்கெட்டைக் கழற்றாமல், அப்படியே போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நான் கை வைக்காமலே சரியாகிப் போன ஜாக்கெட் இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான்.